பைக்காசு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு எந்தச் சம்பல் வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. அப்படிப் பழகிய உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததே மனவருத்தம்தான். போன கிழமை சில வட்ஸ்அப் குழுக்களில் எங்கள் பில்லின் படம் ஒன்று சுற்றியது. "பை 5 ரூபாய்" என்ற இடத்தில் சிவப்புக் கோடு. கீழே, "சூழல், சூழல் என்று சொல்லிச் சனத்திடம் காசு பிடுங்குகிறார்கள்" என்று எழுதியிருந்தது. அந்த வசனத்தால் இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

2025 நவம்பர் 1 முதல் கைபிடி உள்ள பொலித்தீன் பையை எந்தக் கடையும் சும்மா கொடுக்கக் கூடாது. விலையைப் பில்லில் காட்டவும் வேண்டும். வர்த்தமானியில் வந்த விதி அது, நாங்கள் போட்டதில்லை. பையை நாங்கள் என்ன விலைக்கு வாங்குகிறோமோ அதே விலைதான் உங்கள் பில்லிலும் வருகிறது. சந்தேகம் இருந்தால் கல்லாவில் கேளுங்கள், வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டுகிறோம். வீட்டில் இருந்து ஒரு துணிப்பை கொண்டுவந்தால் அந்த 5 ரூபாயும் இல்லை. பையில் லாபம் பார்க்க நினைத்திருந்தால், "பை கொண்டுவாருங்கள்" என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்போமா?

சூழலை நாங்கள் சாட்டாகச் சொல்லவில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது கொழும்புக் குப்பை. சோறு சுற்றிக் கொடுத்த எங்கள் கடைப் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் அதற்குள் இருந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீட் தடை வந்தபோது வாழையிலைக்கு மாறினோம். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோவோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடையானது. பழையபடி பிரம்புத் தட்டை எடுத்தோம். அதைக் கழுவிக் காயவைக்கவே ஒரு ஆள் வேண்டும். மழை நாளில் காயாமல் பூஞ்சணம் பிடித்து எத்தனையோ தட்டுகளை எறிந்திருக்கிறோம். ஆனாலும் இடியப்பம் வேர்க்காமல், பூப்போல வருகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மிச்சம் இருந்தது சொதி. கொதிக்கிற சொதியை மெல்லிய பொலித்தீனில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சொதி ஒட்டிய பையை யாரும் கழுவி வைப்பதில்லை, அது மீள்சுழற்சிக்கும் உதவாது. கானில் விழுந்தால் கான் அடைக்கும், பெருமழைக்குக் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போகும். ஆகவே வருகிற முதலாம் திகதியில் இருந்து பார்சல் சொதியும் சாம்பாரும் நீங்கள் கொண்டுவரும் பாத்திரத்தில் மட்டும். பார்சல் விலையிலும் 20 ரூபாய் கூடுகிறது.

இதையெல்லாம் நாங்கள் சொல்லுமுன்பே செய்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இராமகிருஷ்ண வீதியில் இருந்து சனிக்கிழமைகளில் நாலு அடுக்குக் கரியரோடு வருகிற அம்மா இத்தனை வருடத்தில் ஒரு பை கேட்டதில்லை. கந்தோர் மேசையில் சொந்தக் கரண்டி வைத்திருப்பதாகச் சொல்லி எங்கள் மரக்கரண்டியைத் திருப்பித் தந்த தம்பிமார், போத்தல் தண்ணீர் வேண்டாம், செம்பில் தாருங்கள் என்று கேட்கிற ஐயாமார், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கும் துணிவு வந்தது.

ஒரு உதவி. சம்பல் வேண்டாம் என்றால் கட்டுமுன்பே சொல்லிவிடுங்கள், வீணாகக் கொட்டுப்படாது. சாப்பிட்ட இலையையும் மிச்சச் சோற்றையும் உக்கும் குப்பையில் வேறாகப் போடுங்கள். பொலித்தீனோடு சேர்த்துக் கட்டினால் இரண்டும் பழுது.

கரியர் கொண்டுவருகிறவர்களுக்குச் சொதி ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மூடியில் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள், காலைக் கூட்டத்தில் மாறிப்போகிறது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்