எம்டனுக்கு முந்தைய வாரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் என்றாலே சரயேவோ கொலையோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். 1914 ஜூன் 28-ல் நடந்த, ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கொலை அது. போர் மூண்டதோ ஒரு மாதம் கழித்து, ஜூலை 28-ல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தபோது. மறுநாளே செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் குண்டு விழுந்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டியது.

விபரீதம் இங்கேதான். ரஷ்யா முழுதாகத் தயாராகும் முன் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து, ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சை மடக்குவதே ஆஸ்திரியாவின் கூட்டாளியான ஜெர்மனியின் திட்டம். லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு எந்த ரயில், எந்த மணிக்கு என்பதுவரை முன்பே குறித்தாகிவிட்டது. இனி மாற்றினால் மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும் என்று ஜெர்மன் பேரரசர் கெய்சரிடமே கைவிரித்தார் தளபதி மோல்ட்கே. ஆகஸ்ட் 4-ல் பெல்ஜியத்துக்குள் படை நுழைந்தது. அந்நாட்டின் நடுநிலைக்கு 1839-ல் உறுதி தந்திருந்த பிரிட்டன் அன்றிரவே போரில் இறங்கியது. யாரும் நம்மைக் கேட்கவில்லை, இந்தியாவும் இழுக்கப்பட்டது.

செப்டம்பர் 22 இரவு, விளக்குகள் எரிந்துகொண்டிருந்த நம் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது. தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் குறிபார்த்து, 10.5 செ.மீ. பீரங்கிகளால் சுட்டது. டாங்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. பலர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள்.

உயர் நீதிமன்ற மதிலில் இதற்கொரு கல் இருக்கிறது. ராயபுரம் பக்கமும், பெல்கிரேடில் தொடங்கி எம்டன்வரை தேதிவாரியாகத் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ராயபுரம், சென்னை-13