மாறாத ஈஸ்ட் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பிரான்ஸ் நாட்டு ஒயின் தயாரிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். மண், வெயில், திராட்சை ரகம், பீப்பாய் என்று ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், 'தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஈஸ்ட்' என்று சாற்றைப் புளிக்கவைத்து ஒயினாக்கும் ஈஸ்ட்டை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தியவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

பாக்கெட் ஈஸ்ட் வருடா வருடம் ஒரே மாதிரி வேலை செய்வது உண்மைதான். தயாரிப்பு நிறுவனங்கள் மூல வித்தைக் கடுங்குளிரில் பத்திரப்படுத்தி, அதிலிருந்தே திரும்பத் திரும்ப வளர்த்தெடுக்கின்றன. தொட்டிக்குள் போன பிறகும் அது மாற நேரமில்லை. ஒரு மில்லிலிட்டர் சாற்றில் சுமார் 10 லட்சமாக இறங்கும் செல்கள் 10 கோடி அளவுக்குப் பெருகும். கணக்குப் போட்டால் ஏழு தலைமுறைகூட ஆகாது.

நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். ஒயின் கெடாமலிருக்கப் பீப்பாயில் கந்தகம் எரிப்பதும், சாற்றில் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சேர்ப்பதும் ஐரோப்பாவின் பழைய வழக்கம். சல்ஃபைட் ஈஸ்ட்டையும் தாக்கும். அதை வெளியே தள்ளும் பம்பு ஒன்று ஈஸ்ட் செல்லில் உண்டு. எஸ்எஸ்யு1 என்ற அதன் மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பல ஒயின் ஈஸ்ட்களில் 8ஆம் குரோமோசோமும் 16ஆம் குரோமோசோமும் முறிந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இதனால் வேறொரு மரபணுவை இயக்கும் முடுக்கிப் பகுதி (புரோமோட்டர்) பம்பு மரபணுவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பம்பும் ஏராளமாக உற்பத்தியாகிறது. சல்ஃபைட் கலந்த சாற்றில் மற்றவை திணறும்போது இவை முந்திக்கொண்டு பெருகுகின்றன. முறிவு தற்செயலாக நேர்ந்ததுதான். அதைத் தேர்ந்தெடுத்து நிலைக்க வைத்தது மனிதர் போட்ட கந்தகம்.

மயில்துத்தம் என்ற தாமிர உப்பின் கதையும் இதுதான். நம் ஊரில் தென்னைக்கும் காபிக்கும் அடிக்கிறோமே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான அந்த போர்டோ கலவை 1880களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களில்தான் பிறந்தது. தாமிரம் ஈஸ்ட்டுக்கும் நஞ்சு. அதைத் தாங்க உதவும் கப்1 மரபணு ஒயின் ஈஸ்ட்கள் பலவற்றில் ஒன்றுக்குப் பல நகல்களாக இருக்கிறது.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இன்னொன்று. ஷாம்பெயின் ஈஸ்ட்டான இசி1118இன் முழு மரபணுத் தொகுதியை 2009இல் வெளியிட்டபோது, அதில் வெளியிலிருந்து வந்த மூன்று பெரிய துண்டுகள் தெரிந்தன. அவற்றில் மொத்தம் 34 மரபணுக்கள். ஒரு துண்டு வந்தது, ஒயினைக் கெடுப்பதாகப் பெயரெடுத்த சைகோசாக்கரோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட்டிடமிருந்து! ஒரே தொட்டியில் கூடவே கிடந்த பழக்கம் போலும்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், பீப்பாய்க்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது ஈஸ்ட்டுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படியே பீர் ஈஸ்ட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டியிலிருந்து எடுத்து அடுத்த தொட்டிக்கு என்று ஓய்வில்லாமல் ஓட்டியதில், அது ஒயின் ஈஸ்ட்டைவிடவும் அதிகமாக மாறிப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை,
திருச்சி.