பெட்ரோலுக்காக விடியற்காலையில் எழாதே

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், அம்மா உன்னை விசாரித்தார்.

வெயில் காலம் முடியும்வரை விடியற்காலையில்தான் பங்க்குக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். குளிர்ந்த பெட்ரோல் சுருங்கியிருக்கும், அதே லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று சேகர் சொன்னானாம். சேகர் சொன்னால் நீ எதையும் செய்வாய், அது பழைய கதை. ஆனால் இதில் அவன் பாதிதான் சரி.

பெட்ரோல் சூட்டில் விரியும், உண்மை. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம், டீசல் இன்னும் சற்றுக் குறைவு. மீட்டர் அளப்பது லிட்டரை, எடையை அல்ல. ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வித்தியாசம் இராது. 3 டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொள். 40 லிட்டர் போட்டால் நஷ்டம் சுமார் 115 மில்லி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட வராது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே!

டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் வேறு பங்க் பார். தொட்டியின் அடியில் படிந்த கசடு அப்போது கலங்கும். லாரியில் வெயில் வாங்கிய பெட்ரோலும் சேரும்.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது நீ அடுத்து எழுதியதுதான். பெட்ரோல் போடும் கன் 'டக்' என்று தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பச் சொல்கிறாயாமே? நிறுத்து, கதிர். 45 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் பெருகும். டேங்கில் மேலே விட்டிருக்கும் காலியிடம் அதற்குத்தான். அதையும் நிரப்பினால் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டர் என்ற கரி டப்பாவுக்குள் போய்விடும். அது ஆவியைப் பிடித்து வைக்க மட்டுமே. திரவம் புகுந்தால் கரி ஊறிப்போகும். பெட்ரோல் போட்டு வெளியே வந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகத் தடுமாறுவது, பெட்ரோல் வாடை, செக் இன்ஜின் விளக்கு எல்லாம் அங்கிருந்து வரலாம். கேனிஸ்டரை மாற்றும் செலவுக்கு முன் நீ மிச்சம் பிடிக்கும் மில்லிகள் தூசு.

அதற்காக வெயிலில் முழு டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வரும் செய்தியையும் நம்பாதே. முதல் 'டக்'கோடு நிறுத்தினால் போதும். கால் டேங்குக்குக் கீழே இறங்கவும் விடாதே. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது.

கேனில் வாங்கி டிக்கியில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு. பூட்டிய வண்டி வெயிலில் நின்றால் கேன் உப்பும், மூடி வழியாக ஆவி கசியும், ஒரு சின்னப் பொறி போதும். வாங்கியே ஆகவேண்டுமென்றால் பெட்ரோலுக்கென்றே செய்த கேனைத் தரையில் வைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடி. வண்டிக்குள் வைத்தபடி பிடித்தால் கேனில் சேரும் நிலைமின்சாரம் வெளியேற வழியிருக்காது, பொறி பறக்கலாம்.

இதைச் சேகருக்கும் படித்துக் காட்டு. கேன் விஷயத்தை இரண்டு தடவை படி.

அன்புடன்,
மணி