நல்ல பிஞ்சை ஏன் வெட்டுகிறார்கள்?

கென்ட், இங்கிலாந்து
ஜூன் 8

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நல்ல பிஞ்சை எதற்கு வெட்டி எறிகிறார்கள் என்று போன கடிதத்தில் கோபப்பட்டிருந்தீர்கள். இந்த மாதம் இங்கே ஆப்பிள் தோட்டங்களில் அதுதான் பெரிய வேலை.

ஆப்பிள் கொத்தாகப் பூக்கும். கொத்துக்கு ஐந்தாறு பூ. எல்லாமே பிடித்துவிட்டால் காய் சிறுத்துப்போகும். ஒரு நல்ல காய்க்குச் சோறு போட 30, 40 இலை வேண்டும். ஆனால் உண்மையான காரணம் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்துப் பூமொட்டு இந்தக் கோடையிலேயே, காய் மரத்தில் இருக்கும்போதே உருவாகிறது. பிஞ்சுக்குள் இருக்கும் விதையிலிருந்து வரும் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி அந்த மொட்டு உருவாவதைத் தடுக்கிறது. அதனால் இந்த வருஷம் கிளை முறியக் காய்த்த மரம் மறு வருஷம் வெறுமனே நிற்கும்.

ஜூன் கடைசியில் மரமே கொஞ்சம் பிஞ்சை உதிர்க்கும். அதையே நம்பி உட்கார்ந்திருப்பது தப்பு. பூத்து ஆறு வாரத்துக்குள் குறைத்தால்தான் மொட்டுக்குப் பலன். பிறகு குறைத்தால் காய் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

முதலில் சொத்தை, கோணல் பிஞ்சுகளை வெட்டுவார்கள். பிறகு கொத்துக்கு ஒன்றை மட்டும் விடுவார்கள், காய்க்குக் காய் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. நடுப்பூவின் பிஞ்சுதான் பெரும்பாலும் பெரியது. ஆனால் காம்பு குட்டையாகத் தடித்துக் காய் கோணியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பக்கத்துக் காயை விடுவார்கள். கையால் இழுக்கவே கூடாது. காய்க்கும் குட்டைக்குச்சியும் சேர்ந்து முறிந்து வரும், மொட்டு இருப்பதே அதில்தான். சின்னக் கத்தரியால் காம்பின் நடுவில் ஒரு வெட்டு. மிச்சக் காம்பு தானே காய்ந்து விழும்.

இதற்கு ஏணி வேண்டாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் எம்-9 என்ற வேர்ச்செடியில், அதாவது மரத்தைக் குட்டையாக வைக்கும் அடிச்செடியில், ஒட்டிய மரங்கள், மூன்று மீட்டரைத் தாண்டாது. 1913-இல் இதே கென்ட்டில் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தரம்பிரித்துக் கொடுத்த வேர்ச்செடி அது. வேர் எளிதில் முறியும், ஆகவே ஆயுசுக்கும் முட்டுக்கம்பு வேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் 10 செ.மீ.யாவது நிற்கணும். புதைந்தால் மேலே ஒட்டிய ரகம் சொந்த வேர் விட்டு, மரம் உயரமாக ஓடிவிடும்.

வெட்டிய பிஞ்சு மரத்தடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். துளை விழுந்ததை மட்டும் பொறுக்கி வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளே ரம்ப ஈயின் புழு இருக்கும். விட்டால் மண்ணுக்குள் இறங்கி, அடுத்த பூப்புக்குச் சரியாக எழுந்து வரும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்