மிருதங்கத்தைத் திருப்பி வையுங்கள், குழந்தையின் கையை அல்ல

மதிப்பிற்குரிய மிருதங்க ஆசிரியர்களுக்கும், இசைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், சபாச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயார் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். எழுதுவது, பந்து எறிவது, கத்தரிக்கோல் பிடிப்பது எல்லாம் அவளுக்கு இடக்கைதான். மிருதங்க வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வலக்கையால் வலந்தலையை, அதாவது விரல் நுட்பம் வேண்டிய முகத்தை, வாசித்தால் மட்டுமே தொடர்ந்து கற்றுக்கொடுக்க முடியும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அவளது வலது ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் என் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்து, அதைத் திருப்பி வலந்தலையைத் தன் இடப்பக்கம் கொண்டுவந்து, மோதிர விரல் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான கரணையின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க, ஆள்காட்டி விரலால் ஓரத் தோலான மீட்டில் ‘நம்’ என்ற சொல்லைக் கொடுத்தாள். சுருதியோடு சேர்ந்து அது நின்று ஒலித்தது. வகுப்பில் வாசிப்பதைப் போல வாசித்துக் காட்டச் சொன்னேன். மிருதங்கத்தை மறுபடி திருப்பினாள். அதே ‘நம்’ மொட்டையாக விழுந்தது. “இந்தக் கையை எப்படி சார் பழக்குறது?” என்று கேட்டார் தாயார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் இடக்கைக்காரன். எனக்கு மிருதங்கம் தொடங்கிவைத்த ஆசிரியர் அன்பானவர். என் நன்மைக்காகவே கையை மாற்றினார். இடக்கையால் வாசித்தால் நாளைக்கு எந்த வயலின்காரர் இடம் மாறி உட்காருவார், எந்தச் சபாவில் கூப்பிடுவார்கள் என்பது அவருடைய கவலை. நான்கு ஆண்டுகள் அவர் சொன்னபடியே வாசித்தேன். முதல் கால வேகத்திலும் இரண்டாம் கால வேகத்திலும் குறை தெரியவில்லை. ‘தரிகிட’ என்ற சொற்கோவை மூன்றாம் கால வேகத்துக்குப் போகும்போது வலது மணிக்கட்டு இறுகிப்போகும். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதே நேரத்தில் என் இடக்கை, தனக்குக் கிடைத்த ஒரே இடமான தொப்பி எனும் மறுமுகத்தில், வேண்டியதற்கு மேல் பேசிக்கொண்டிருக்கும். “தொப்பி தூக்கலாக் கேக்குது, வலந்தலை தெளிவா இல்லை” என்று ஆசிரியர் வாரம் தவறாமல் சொல்வார். இன்று நினைத்தால், கை மாறிப்போன மாணவனின் அடையாளமே அந்த ஒரு வரிதான் என்று தோன்றுகிறது. உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையிடமாவது இதே குறையை நீங்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை எந்தக் கையால் எழுதுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு வாசிப்பதை விட்டுவிட்டேன். பதினேழு வயதில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியத்தில், மிருதங்கத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கைக்குப் பழக்கமில்லாத முறையாயினும் அன்று மாலைக்குள் என் காதில் விழுந்த ‘நம்’, அந்த நான்கு ஆண்டுகளில் நான் ஒருநாளும் கேட்டிராதது. பிறகு கிடைத்த இரண்டாவது ஆசிரியர் என்னை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: “என்னைப் பார்த்து வாசி. நான் உனக்குக் கண்ணாடி.”

ஆசிரியர்களே, இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. வலக்கை ஆசிரியருக்கு எதிரே அமரும் வலக்கை மாணவன், தன் கண்ணில் படும் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் இடவலமாக மாற்றிக்கொண்டே கற்க வேண்டும். இடக்கை மாணவனுக்கு அந்த வேலை இல்லை. ஆசிரியரின் வலந்தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதே பக்கம்தான் அவனுடைய வலந்தலையும் இருக்கிறது. விரலுக்கு விரல் நேராகப் பார்த்துக்கொள்ளலாம். இடக்கைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது கடினம் என்று சொல்பவர்கள் ஒரு வாரம் எதிரெதிரே உட்கார்ந்து கற்றுக்கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கருவியும் நமக்கு எந்தத் தடையும் செய்யவில்லை. மேல்நாட்டு டிரம்ஸ் செட்டில் இடக்கைக்காரர் உட்கார்ந்தால் ஹை-ஹாட், ஸ்நேர், டாம், பெடல் எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்க வேண்டும். வகுப்பில் ஒரே செட்டைப் பத்துப் பேர் பயன்படுத்தும்போது அது உண்மையிலேயே தொல்லைதான். மிருதங்கத்துக்கு அது எதுவும் வேண்டாம். அதே பலாக்கட்டை, அதே வார், அதே கரணை. வலக்கைக்காரர் வலது கணுக்காலின்மேல் வலந்தலைப் பக்கத்தைச் சாய்த்துக்கொள்வார். இடக்கைக்காரர் கருவியைத் திருப்பி இடது கணுக்காலின்மேல் சாய்த்துக்கொள்வார். அவ்வளவுதான் வித்தியாசம். தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய் செலவும் இல்லை. வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைக்கும் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையின் கையோடு இடிக்காமல் இருக்க, இடக்கைப் பிள்ளையை வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தால் போதும்.

டிரம்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இடக்கைக்காரரான ரிங்கோ ஸ்டார் வலக்கை முறையில் அடுக்கிய செட்டிலேயே வாசித்துப் பெயர் வாங்கவில்லையா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வாங்கினார்தான். ஆனால் டிரம்ஸில் இரண்டு கையிலும் ஒரே மாதிரிக் குச்சிதான் இருக்கிறது. எந்தக் கை முதலில் விழுவது என்பதை வாசிப்பவர் இடத்துக்கு இடம் தீர்மானித்துக்கொள்ளலாம். மிருதங்கத்தில் இரண்டு முகமும் இரண்டு வேறு குரல். வலந்தலைக்கு வேண்டியது தனித்தனி விரல்களின் நுட்பம். தொப்பிக்கு வேண்டியது உள்ளங்கையின் கனமும், ‘கும்கி’யில் தோலை அழுத்தித் தேய்க்கும் மணிக்கட்டும். இதில் கை மாறினால் வேலையே மாறிப்போகிறது.

நம் ஊரில் கைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களில் இந்தச் சிக்கலின் இன்னொரு வேர் இருக்கிறது. வலக்கை சோற்றுக்கை, இடக்கை பீச்சாங்கை. வித்தையைப் பீச்சாங்கையால் தொடலாமா என்று என்னிடமே ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். தட்சிணையை வலக்கையால் கொடுப்பதிலும், கருவிக்கு வலக்கையால் பூச்சூட்டுவதிலும் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மிருதங்கத்தை இரண்டு கையாலும்தானே தொடுகிறோம்? வலக்கைக்காரர் வாசிக்கும்போது ‘தொம்’ சொல்வது எந்தக் கை? சிறு பிள்ளைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் ‘தா தீ தொம் நம்’ என்ற நான்கு சொற்களிலேயே இடக்கை இல்லாமல் ஒரு சொல் பிறக்காது. அந்தக் கை தொப்பியைத் தொடலாம், வலந்தலையைத் தொடக்கூடாது என்பதற்கு நான் அறிந்தவரை எந்த இலக்கணமும் இல்லை.

மரபு என்று பேசுகிறோம் என்றால் பழனி சுப்பிரமணிய பிள்ளையைத் தாண்டிப் பேச முடியாது. 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்த அவர், பாலக்காடு மணி ஐயரோடும் ராமநாதபுரம் முருகபூபதியோடும் சேர்த்து மிருதங்கத்தின் மும்மூர்த்திகளில் ஒருவராக வைத்துப் பேசப்படுபவர். புதுக்கோட்டை வழியின் கணக்கும் கம்பீரமும் அவர் விரலில் இருந்தன. அவர் இடக்கைக்காரர். ‘வலந்தலை’ என்ற பெயர் வலப்பக்கத்தைச் சொன்னாலும், அவருடைய வலந்தலை வாழ்நாள் முழுவதும் இடப்பக்கத்தில்தான் இருந்தது. அதனால் மேடை அமைப்பு மாற வேண்டியிருந்தது. அது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்ட காலமும் இருந்தது. அந்த நிலையில் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தம் பக்கவாத்தியத்துக்கு அழைத்து முன்னிறுத்தியதை ரசிகர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். பழனியின் சீடரான திருச்சி சங்கரன் வலக்கைக்காரர். இடக்கை குருவிடம் கற்ற அவர், பின்னாளில் கனடாவின் டொரன்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து பல்லாண்டுகள் இந்தக் கலையைக் கற்பித்தார். குரு ஒரு கை, சீடர் மறு கை என்பதால் அந்தப் பாணியில் ஒரு சொல்லாவது கெட்டுப்போயிற்றா? பழனியின் வாசிப்பை மேடையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டே, பழனியைப் போல உட்காரும் பிள்ளையை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்புவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

இனி மேடை. சபாச் செயலாளர்கள் இதைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். வழக்கமான கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கத்திலும் வயலின்காரர் இடப்பக்கத்திலும் அமர்கிறார்கள். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தபடி உட்காரும்போது அவருடைய வலக்கையும் வலந்தலையும் சபையின் பக்கம் இருக்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் சபையின் பக்கம் தொப்பி வந்துவிடும். வலந்தலையின் நாதம் பின்சுவரை நோக்கிப் போகும். அதனால்தான் இருவரும் இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. வயலின்காரர்களின் சங்கடத்தையும் நான் அறியாதவன் அல்ல. பாடகரின் வலப்பக்கம் அமர்ந்தால் வில் பிடிக்கும் கை சபையின் பக்கம் வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக ஒரு பக்கத்திலிருந்து கேட்டுப் பழகிய பாடகரின் குரல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. அது உண்மையான இடைஞ்சல்தான். ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இருந்த அளவுக்கு இன்று அது பெரிய இடைஞ்சல் இல்லை. வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று வைக்கும் மேடையில், இடம் மாறாமலே வாசிக்கவும் முடியும். ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி மைக்குகளை மாற்றி வைத்தால் போதும்.

என் வேண்டுகோள், இந்தப் பேச்சு மேடைமேல் நடக்கக்கூடாது என்பதுதான். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. திரை விலக ஐந்து நிமிடம் இருந்தபோது, மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, என் கையைக் காட்டி எனக்கு முன்னாலேயே மூன்று பேர் வாதம் செய்தார்கள். கடைசியில் வழக்கமான இடத்திலேயே உட்காரச் சொன்னார்கள்; மைக்கை யாரும் மாற்றவில்லை. அன்று தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் சபைக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் என் தொப்பி மட்டுமே. கலைஞரை ஒப்பந்தம் செய்யும்போதே “நீங்கள் எந்தக் கை?” என்று ஒரு வரி கேட்டு, வயலின்காரரிடமும் அப்போதே சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டால் இத்தனையும் தேவைப்படாது.

பள்ளிகளுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு குறிப்பான வேண்டுகோள். தமிழ்நாட்டில் அரசின் மாவட்ட இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. தனியார் வகுப்புகளுக்குக் கணக்கே இல்லை. பாடக் குறிப்புகளில் “வலது கை ஆள்காட்டி விரல்”, “இடது உள்ளங்கை” என்று எழுதியிருப்பதை “வலந்தலைக் கை”, “தொப்பிக் கை” என்று மாற்றி எழுதுங்கள். சொல் மாறினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் பொருந்திவிடும். இடக்கைப் பிள்ளை ஒவ்வொரு வரியையும் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்காது. தேர்வில் அமரும் முறைக்கு மதிப்பெண் வைத்திருந்தால், முதுகு நிமிர்ந்திருக்கிறதா, தோள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், வாசிப்பில் ஒரு பிழையும் இல்லாமல், வலந்தலை இடப்பக்கம் இருந்த ஒரே காரணத்துக்காக மதிப்பெண் இழந்திருக்கிறான்.

இடக்கையால் எழுதும் பிள்ளைகள் அனைவரையும் கட்டாயமாக இடக்கையில் வாசிக்கவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு எழுதுவது ஒரு கையும் விரல் நுட்பம் மறு கையும் இருக்கலாம். ஆகவே தொடக்கத்தில் இரண்டு வாரம், இரண்டு பக்கமும் வாசிக்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் ‘நம்’ கார்வையோடு நிற்கிறது என்று உங்கள் காது சொல்லிவிடும். பிள்ளையின் முகமும் சொல்லும். அதன் பிறகு முடிவு செய்தால், என்னைப் போல ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகளைத் தொலைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுமி இப்போது வாரம் இருமுறை என்னிடம் வருகிறாள். இடக்கையால் ஆதி தாளத்தில் பாடங்களை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். எட்டு மாதம் வலக்கையில் பழகிய சொற்கள் மூன்று வாரத்தில் இடக்கைக்கு வந்துவிட்டன. ஆனால் நான் ஊர் அறிந்த வித்வான் அல்லன். அலுவலக வேலை முடிந்து மாலையில் வாசிப்பவன். அவளுக்கு என்னைவிட நல்ல ஆசிரியர் வேண்டும். வரும் விஜயதசமியன்று அவளை மறுபடி ஒரு வகுப்பில் சேர்க்க அவள் தாயார் அழைத்துச் செல்லவிருக்கிறார். அன்று உங்களில் யாரிடம் வந்தாலும், அவள் மிருதங்கத்தைத் திருப்பி வைக்கும்போது தடுக்காமல், எதிரே உட்கார்ந்து முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
இடக்கையால் மிருதங்கம் வாசிக்கும் ஒருவன்