கடிதக் கட்டை அவிழ்க்கும் முன்

மறைந்த எழுத்தாளர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பரண்மேல் டிரங்குப் பெட்டியிலோ பீரோவின் அடித்தட்டிலோ நாடா கட்டிய கடிதக் கட்டு ஒன்று அகப்படும். அப்பாவுக்கு இன்னொரு பெண் எழுதியவையாக இருக்கும். அல்லது அம்மாவுக்கு அப்பா அல்லாத ஒருவர் எழுதியவை. பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கட்டு அடுப்புக்குப் போகும். இல்லாவிட்டால் நூற்றாண்டு மலருக்காகக் ‘கண்ணியமான’ பத்துக் கடிதங்களைப் பொறுக்கியெடுத்து, நெருடலான வரிகளைச் சத்தமில்லாமல் வெட்டி அச்சிடுவார்கள். எரித்தால் இல்லை என்றாவது தெரியும். வெட்டி அச்சிட்டது முழுக்கடிதம்போல வேடமிட்டு நிற்கும். கடிதப் பதிப்பு வேலையில் இருக்கும் நாங்கள் இரண்டும் வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் நாடாவை அவிழ்க்காதீர்கள். கட்டு இருக்கிறபடியே மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். கடிதத்தைப் பெற்றவர் எதை மேலே வைத்தார், எதைத் தனியாக மடித்து வைத்தார் என்பது பிரித்துப் போட்டபின் தெரியாது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது பின்பக்க மூலையில் மெல்லிய 2பி பென்சிலால் எண் இடுங்கள். கடிதத்துக்கு 14 என்றால் உறைக்கு 14-உ. பேனா கூடாது. தபால்தலை சேர்க்கும் பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் உறைகளை அவன் கண்ணில் காட்டாதீர்கள். காதலர்கள் தேதி போடுவதில்லை, ‘புதன் இரவு’ என்பதோடு சரி. தேதியைச் சொல்லுவது உறைமேல் உள்ள அஞ்சல் முத்திரைதான்.

ஆங்கிலக் கவிஞர்களான ராபர்ட் பிரவுனிங்கும் எலிசபெத் பாரெட்டும் 1845 ஜனவரி முதல் 1846 செப்டம்பர் வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 570-க்கு மேல். எலிசபெத்தைப் போய்ப் பார்த்த நாளையும் நேரத்தையும் பிரவுனிங் குறித்து வைத்தது அவருடைய கடித உறைகள்மேல்தான். உறையைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்தக் காதலின் நாட்காட்டியே போயிருக்கும். இன்னொன்றும் அதில் உண்டு. 1845 மே 20-இல் முதல்முறை சந்தித்தபின் பிரவுனிங் எழுதிய கடிதம் எலிசபெத்துக்குப் பிடிக்கவில்லை. அது அவரிடமே திரும்பிப் போய் அழிந்தது. அப்படி ஒன்று இருந்ததை நமக்குச் சொல்வது எலிசபெத்தின் பதில். ஆகவே ‘நேற்று நீ எழுதியதற்கு’ என்று ஒரு கடிதம் தொடங்கி, அந்த ‘நேற்று’ கட்டில் இல்லையென்றால், அதற்கும் பட்டியலில் ஒரு வரி ஒதுக்கி ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

இன்லண்ட் லெட்டர் என்றால் இன்னும் கவனம். மூன்று பக்கமும் ஒட்டியது. ஆவலில் கிழித்தவர் ஓரத்து வார்த்தைகளையும் சேர்த்துக் கிழித்திருப்பார். அந்தத் துணுக்குகள் கட்டுக்குள்ளேயே கிடக்கலாம், பெட்டியை உதறிவிடாதீர்கள். இடம் தீர்ந்தபின் ஓரத்தில் செங்குத்தாக ஏறும் வரியும் மடிப்பின் வெளிப்புறத்தில் எழுதிய வரியும் ஸ்கேனில் தப்பிப்போகும். அத்தனை பக்கமும், வெற்றுப்பக்கம் உட்பட, 400 டிபிஐ வண்ணத்தில் எடுங்கள். பெரும்பாலும் சொல்ல வந்த விஷயம் அந்தச் செங்குத்து வரியில்தான் இருக்கும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி மையை உரித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் உறை பரவாயில்லை. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகித் தளர்த்துங்கள். நனைந்திருந்தால் வெயிலில் காயப்போடாமல் நிழலில், மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வையுங்கள். செல்லரித்திருந்தால் நீங்களே கை வைக்காமல், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல இந்த வேலை தெரிந்த இடத்தில் கேளுங்கள்.

வெட்டுவதைப் பற்றிப் பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. மிலேனா யெசென்ஸ்கா, எழுத்தாளர் காஃப்காவின் கதைகளைச் செக் மொழியில் பெயர்த்தவர், பத்திரிகையாளர். காஃப்கா தமக்கு எழுதியவற்றை 1939-இல் எழுத்தாளர் வில்லி ஹாஸிடம் ஒப்படைத்தார். 1944-இல் ராவன்ஸ்புருக் நாஜி முகாமில் இறந்தார். ஹாஸ் 1952-இல் நூலாக்கியபோது, உயிரோடிருந்தவர்களைப் பற்றிய பகுதிகளை நீக்கினார். தேதியில்லாத கடிதங்களின் வரிசையும் பல இடங்களில் பிசகியது. நீக்கியவற்றைச் சேர்த்து வரிசையைத் திருத்திய பதிப்பு 1983-இல்தான் வந்தது. ஹாஸின் தயக்கத்தில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. யாருக்காவது வலிக்கும் என்றால் நீங்களும் நீக்குங்கள். ஆனால் நீக்கிய இடத்தில் பகர அடைப்புக்குள் ‘7 வரிகள் நீக்கம்’ என்று போடுங்கள். முழுப்படியைத் தனியே பத்திரப்படுத்துங்கள். நீங்களாக ஊகித்த தேதியையும் அதே அடைப்புக்குள் கேள்விக்குறியோடு தாருங்கள். எழுத்துப்பிழை, அடித்தல், கொச்சை எதையும் திருத்தாதீர்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் படியில் சரிபார்க்க வேண்டும். தனியாளாகச் செய்தால் கண் தானே வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டு போய்விடும்.

பலரும் தடுக்கி விழுவது உரிமையில். தாள் கடிதத்தைப் பெற்றவருடையது, சொல் எழுதியவருடையது. உங்கள் அம்மாவுக்கு வந்த கடிதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம். அச்சிட எழுதியவரின் வாரிசு சம்மதிக்க வேண்டும். ‘இறந்து 60 ஆண்டாகிவிட்டதே’ என்பார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பாருங்கள்: எழுதியவர் காலத்தில் வெளிவராதவற்றுக்கு அந்த 60 ஆண்டு, முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவார் தம் காதலரான அமெரிக்க எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரனுக்கு எழுதிய 304 கடிதங்கள் 1997-இல் நூலாக வந்தன. ஆல்கிரனின் பதில்கள் அதில் இல்லை. அவர் தரப்பு இசையவில்லை. பொவார் கெஞ்சுகிறார், கோபிக்கிறார், எதற்கென்று நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் மறுபாதி இருக்கும் வீட்டைத் தேடிப் போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கத்ரின் காம்யூ, தம் தந்தையான பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவும் நடிகை மரியா கசாரெஸும் 1944 முதல் 1959 வரை எழுதிக்கொண்ட 865 கடிதங்களை 2017-இல் இருபக்கமும் சேர்த்து வெளியிட்டார். தன் தாய் அல்லாத பெண்ணுக்கு அப்பா எழுதியதை மகளே அச்சுக்குக் கொடுத்தார். நம் ஊரில் புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதியவை நூலாகியிருக்கின்றன. கமலா விருத்தாசலமும் கதை எழுதியவர். அந்தப் பக்கங்களில் அவர் குரலுக்குத்தான் நம் காது ஏங்குகிறது.

இப்போது வெளியிட மனமில்லையா? முத்திரையிட்டு நூலகத்தில் வையுங்கள். கவிஞர் டி. எஸ். எலியட் தமக்கு எழுதிய 1,131 கடிதங்களை அவருடைய நெடுநாள் தோழி எமிலி ஹேல் 1956-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இருவரில் பின்னால் இறப்பவருக்குப் பிறகு 50 ஆண்டு என்பது நிபந்தனை. ஹேல் 1969-இல் இறந்தார், 2020 ஜனவரியில் பெட்டி திறந்தது. அதே நாளில் அந்த உறவைப் பற்றி எலியட் 1960-இல் எழுதிவைத்த விளக்கமும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஹேல் தமக்கு எழுதியவற்றை அழிக்கச் செய்ததையும் அதில் அவரே சொல்கிறார்.

ஒப்படைப்புத் தாளில் ‘குடும்பம் விரும்பும்போது’ என்று எழுதாதீர்கள். அடுத்த தலைமுறையில் குடும்பம் என்பது யார் என்றே வழக்கு நடக்கும். திறக்கும் தேதியை எழுதுங்கள். அதுவரை பேணுவதற்காக மட்டும் நூலகர் தொடலாமா, ஸ்கேன் எடுக்கலாமா என்பதையும் எழுதுங்கள். கடித எண்ணிக்கை, உறை எண்ணிக்கை, கிழிந்த துணுக்குகளின் எண்ணிக்கை எல்லாம் குறித்து இரண்டு பிரதியில் கையெழுத்திட்டு, ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

இப்படிக்கு,
கடிதப் பதிப்பாளர்கள் சிலர்