குற்றவுணர்ச்சி வேண்டாம், ஒரு மணி நேரம் கொடு

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. உன்னோடு படித்த யாரோ, "மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு அடுத்த நாட்டுக்காரனுக்கு உழைக்கிறாய்" என்று எழுதியிருக்கிறார்கள். நீ பதில் சொல்லத் தெரியாமல் அழுதிருக்கிறாய். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனது தப்பில்லை, கண்ணு. காலமெல்லாம் நர்ஸாக இருந்து, அப்புறம் நர்ஸ்களுக்குப் பாடமும் எடுத்தவள் நான். நீங்கள் எல்லாரும் ஏன் போகிறீர்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு வார்டு முழுக்க ஒரே ஆளாகப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒப்பந்தப் பணிதான், நிரந்தரம் ஆகாது. மேலே படிக்க லீவு கேட்டால் கிடைக்காது. நோயாளியின் சொந்தக்காரர் கை ஓங்கினால் ஏனென்று கேட்க ஆள் இருக்காது. இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, போகிறவளைத் துரோகி என்று சொல்வது அநியாயம். இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்குவதும், சான்றிதழைப் பிடித்து வைப்பதும் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கட்டிப்போட்டு நிறுத்தியவளின் மனசு வேலையில் இருக்காது, எப்போது விடுவார்கள் என்பதிலேயே இருக்கும்.

ஆனால் நீ சொன்ன ஒரு சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "நான்தான் பணம் அனுப்புகிறேனே அம்மா, அது நாட்டுக்குத்தானே வருகிறது" என்றாய். வருகிறது, மறுக்கவில்லை. 2023ல் மட்டும் இப்படி வெளியே போனவர்கள் ஏழை நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் அனுப்பிய பணம் 650 பில்லியன் டாலருக்கு மேல் என்கிறது உலக வங்கி. அந்த நாடுகளுக்குக் கிடைக்கும் வெளிநாட்டு உதவியை விட அது அதிகம். அதனால் எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து மீண்டிருக்கின்றன, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் வீட்டுக்கு வருகிறது. வார்டுக்கு வருவதில்லை.

வார்டில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன், நீயே யோசித்துப் பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில், நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரமான வென்டிலேட்டரின் அலாரம் அடிக்கிறது. படித்து முடித்து வந்த புதுப் பெண் என்ன செய்வாள்? முதலில் இயந்திரத்தின் திரையைப் பார்ப்பாள், பயத்தில் அலாரத்தை நிறுத்துவாள், டாக்டரைத் தேடி ஓடுவாள். அனுபவப்பட்ட சிஸ்டர் அந்தத் திரையை அப்புறம்தான் பார்ப்பாள். முதலில் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். அப்படியே வாயிலிருந்து ட்யூபைக் கையால் தடவிக்கொண்டே போவாள். தலையணைக்கு அடியில் மடிந்திருந்தால் எடுத்து விடுவாள், சளி அடைத்திருந்தால் உறிஞ்சி எடுப்பாள். அதைச் செய்துகொண்டே பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண்ணிடம், "பார்த்தாயா, இங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

நீ போன பிறகு உன் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். பதிவேட்டில் காலியிடம் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை. நீ மட்டும் போயிருந்தால் சமாளித்திருப்பார்கள், உன் வயசுக்காரர்கள் மொத்தமாகப் போய்விட்டீர்கள். எங்களைப் போல ஓய்வு பெறப் போகிறவர்களும் நேற்று வந்தவர்களும்தான் மிச்சம், நடுவில் யாருமில்லை.

இது ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல. உலக நோய்ச்சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில் இருந்தும், மருத்துவப் பணியாளர்களில் 3 சதவீதம் பேர்தான் அங்கே இருக்கிறார்கள் என்று 2006லேயே உலக சுகாதார நிறுவனம் எழுதியது. பிலிப்பைன்ஸில் டாக்டராக இருந்தவர்களே வெளிநாட்டு வேலைக்காக மறுபடி நர்ஸிங் படித்தார்கள். 2010ல், வெளிநாட்டிலிருந்து மருத்துவப் பணியாளர்களைச் சேர்ப்பதற்கென்று அதே நிறுவனம் ஒரு நடத்தை விதி கொண்டு வந்தது. 2023ல், பணியாளர் பற்றாக்குறை மோசமாக உள்ள 55 நாடுகளைப் பட்டியல் போட்டார்கள், அங்கே போய் வலிந்து ஆள் பிடிக்காதீர்கள் என்பதற்காக. நல்ல விதிதான். ஆனால் சட்ட வலு இல்லை, தானாக விண்ணப்பிக்கிறவரை அது தடுப்பதுமில்லை. தடுக்கவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஒரு நர்ஸை உருவாக்கும் செலவு இல்லாமலே ஆளைப் பெற்றுக்கொள்ளும் நாடு, அனுப்பிய நாட்டில் இன்னும் சில பேர் படிக்கப் பணம் தர வேண்டும். நியாயம் அங்கேதான் இருக்கிறது. உன்னைத் திட்டுவதில் இல்லை.

மலாவியில் 2004ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மருத்துவப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு 52 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல் பயிற்சி இடங்களையும் கூட்டினார்கள். ஆட்கள் பெருகினார்கள். தென்கொரியா 1966ல் கிஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, வெளிநாடு போன விஞ்ஞானிகளை நல்ல சம்பளம், ஆய்வுச் சுதந்திரம் எல்லாம் கொடுத்துத் திரும்ப வரவழைத்தது. இடத்தைத் தயார் செய்தார்கள், ஆள் வந்தது. இங்கே இன்னும் யாரும் உனக்கு இடம் தயார் செய்யவில்லை. அதனால் திரும்பி வா என்று நான் கேட்கப் போவதில்லை.

கேட்பது வேறு. வாரத்தில் ஒரு மணி நேரம் கொடு. என்னிடம் படித்துவிட்டு இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களோடு வீடியோவில் பேசு. சொற்பொழிவு எல்லாம் வேண்டாம். ஒரு கேஸை எடுத்துக்கொண்டு, நீயாக இருந்தால் முதலில் என்ன பார்ப்பாய், எப்போது டாக்டரை எழுப்புவாய், டாக்டர் எரிந்து விழுந்தாலும் எதை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று சொல். நோயாளியின் பெயரோ அடையாளமோ பேச்சில் வரக் கூடாது. அங்கே உன் கையில் இருக்கும் இயந்திரங்களைக் காட்டி அவர்களை ஏங்க வைக்காதே, அவர்களிடம் இருப்பதை வைத்தே சொல்லிக்கொடு. அவர்களிலும் சிலர் நாளைக்கு உன்னைப் போலவே கிளம்புவார்கள். கிளம்பட்டும். போகும் முன் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் வந்தால் அதுவே பெரிய விஷயம்.

உன்னோடு அங்கே வந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் கேட்டுப் பார். ஆளுக்கொரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டால் உனக்கும் பாரம் இருக்காது. நைட் டூட்டி முடிந்து வரும் நாளில் மட்டும் வேண்டாம், அன்றைக்குத் தூங்கு. எந்தக் கிழமை வசதி என்று எழுது. பெண்களிடம் நான் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா